கிரெடிட் இருக்கு, வருஷம் போச்சு

2023 ஜூனில் ஹைதராபாத்திலிருந்து புனேவுக்கு மாற்றல் வந்தது. பொட்டி தூக்கியே பிழைக்கிற நம்மை மாதிரி ஆட்களுக்கு பீரோ, வாஷிங் மெஷின், கேஸ் கனெக்‌ஷன் எல்லாம் இடம் மாற்றுவது கைவந்த கலை. இந்தமுறை மூட்டையில் புதுசாக ஒரு சாமான் இருந்தது. மகள் முடித்திருந்த பி.எஸ்ஸி. முதல் வருஷம்.

அதை மட்டும் இறக்கவே முடியவில்லை.

புனேயில் ஒரு காலேஜ் (பெயர் வேண்டாம், இன்னும் அங்கேதான் படிக்கிறாள்). கவுண்டரில் இருந்தவர் மார்க் ஷீட்டைப் புரட்டிவிட்டு, "சிலபஸ் மேட்ச் ஆகாது சார், ஃபர்ஸ்ட் இயர்லயே சேர்த்துடுங்க" என்றார், இந்தியில். டிஜிலாக்கரைத் திறந்து அவளுடைய கிரெடிட் வங்கிக் கணக்கைக் காட்டினேன். வருஷம் முழுக்கப் படித்துச் சேர்த்த 44 கிரெடிட் அதில் இருந்தது. "அது கவர்ன்மென்ட் சைட் சார்" என்றார். ஏதோ வேறு தேசத்து கவர்ன்மென்ட் மாதிரி.

ப்ளஸ் டூ முடித்த லீவில் என்.பி.டி.இ.எல்.லில் நாலு கோர்ஸ் வேறு முடித்திருந்தாள். நாலு சர்டிஃபிகேட்டையும் நீட்டினேன். "ஃபைல்ல வெச்சுக்குங்க, ப்ளேஸ்மென்ட்டுக்கு உதவும்" என்றார். பாவம், நல்ல மனிதர்தான். தண்ணீர் கூடக் கொடுத்தார்.

கட்டினேன், 85,000 ரூபாய். அதே பாடத்தை அவள் இரண்டாம் தடவை உட்கார்ந்து கேட்டாள். கூடப் படித்த ஹைதராபாத் பெண்கள் 2025-ல் டிகிரி வாங்கிவிட்டார்கள். இவளுக்கு 2026. அந்த போட்டோக்களை இவள் கண்ணில் படாமல் வைக்கத் தங்கமணி படாதபாடு பட்டார். வாட்ஸப் காலத்தில் நடக்கிற காரியமா?

கோபம் தணிந்த பிறகு விதிகளை எடுத்து வைத்துப் படித்தேன். படித்ததும் கோபம் இரண்டு மடங்கானது.

கல்விக் கிரெடிட் வங்கிக்கான யூ.ஜி.சி. விதி 2021 ஜூலையில் வந்தது. ஓர் இடத்தில் சம்பாதித்த கிரெடிட்டை இன்னோர் இடத்தில் சேர்த்து டிகிரி வாங்கலாம். பாதி மட்டும் டிகிரி கொடுக்கிற இடத்தில் படித்ததாக இருக்க வேண்டும். ஏழு வருஷம் வரை செல்லுபடி. அதே 2021-ல் ஸ்வயம் விதியும் திருத்தப்பட்டது. ஒரு செமஸ்டரில் 40 சதவீதப் பாடம் வரை ஸ்வயத்தில் படித்ததை ஏற்கலாம். முன்பு இது 20 சதவீதம். எந்தப் பல்கலைக்கழகமும் இந்தக் கிரெடிட்டை மறுக்கக் கூடாது என்று 2016 விதியிலேயே எழுதியிருக்கிறார்கள். அப்புறம் எப்படி மறுக்கிறார்கள்? கோர்ஸ் ஆரம்பிக்கும் முன்பே காலேஜ் அதைத் தேர்ந்தெடுத்து அனுமதித்திருக்க வேண்டும், அவ்வளவுதான். காலேஜ் பட்டியலே போடவில்லையென்றால் மறுக்க வேண்டிய அவசியமே வராது பாருங்கள்!

2024 நவம்பரில் இன்னொன்று. படிக்க முடிந்தவர்கள் மூன்று வருஷ டிகிரியை ஐந்து செமஸ்டரிலும், நான்கு வருஷ டிகிரியை ஆறு அல்லது ஏழு செமஸ்டரிலும் முடிக்கலாம் என்று யூ.ஜி.சி. சொன்னது. இதற்கும் மொத்த இடத்தில் 10 சதவீதம் வரை காலேஜ் ஒதுக்கலாம். லாம், லாம், லாம். பிள்ளைக்கு உரிமை என்று எழுத வேண்டிய இடத்திலெல்லாம் காலேஜுக்கு விருப்பம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஏன் இந்த விருப்பம் வரவே மாட்டேன் என்கிறது? கணக்குப் போடுங்கள். மூன்று வருஷ டிகிரிக்கு 120 கிரெடிட். அதில் 40 சதவீதம் என்றால் 48. என்.பி.டி.இ.எல்.லில் 12 வாரக் கோர்ஸுக்கு 3 கிரெடிட், ஆகப் பதினாறு கோர்ஸ். பாடம் இலவசம். பரீட்சைக்கு மட்டும் தலா ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 16,000. ஒரு வருஷத்துக்கும் மேலான படிப்பு 16,000 ரூபாயில் முடிந்தால் 85,000 கேட்கிறவர் என்ன செய்வார்? சிலபஸ் மேட்ச் ஆகாது என்பார்.

ஏற்கிற காலேஜ்களும் உண்டு. என் நண்பர் மகன் படிக்கிற இடத்தில் செமஸ்டருக்கு ஒரு பேப்பரை ஸ்வயத்தில் எழுதச் சொல்கிறார்கள். வாத்தியார் சம்பளம் மிச்சம். ஃபீஸில் ஒரு ரூபாய் குறைந்ததா என்று கேட்டேன். நண்பர் சிரித்தார்.

தரம் இருக்காது என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பாடம் எடுப்பது ஐ.ஐ.டி.யும் ஐ.ஐ.எஸ்சி.யும். நூற்றுக்கு 75 மார்க், நேரில் சென்டருக்குப் போய் உட்கார்ந்து எழுதுகிற பரீட்சைக்கு. உங்கள் காலேஜ் இன்டர்னல் மார்க் எப்படிப் போடப்படுகிறது என்று நான் கேட்கவா?

இன்னோர் எதிர்ப்பு நம் ஊரிலிருந்து வருகிறது. ஒரு வருஷத்தில் சர்டிஃபிகேட், இரண்டு வருஷத்தில் டிப்ளமோ என்று கையில் கொடுத்து அனுப்பினால் ஏழைப் பிள்ளை நடுவிலேயே நின்றுவிடும் என்கிறார்கள். நியாயமான பயம். நானும் பயப்படுகிறேன். ஆனால் நடுவில் இறக்கிவிடுவது வேறு, இறங்கியவனை அடுத்த பஸ்ஸில் பழைய டிக்கெட்டோடு ஏற்றுவது வேறு. விழுப்புரத்திலிருந்து வந்து இங்கே ஒரு கோடவுனில் சூப்பர்வைசராக இருக்கும் தம்பி, அப்பா தவறியதால் இன்ஜினியரிங்கை இரண்டாம் வருஷத்தோடு விட்டவன். நாலு செமஸ்டரும் அரியர் இல்லாமல் பாஸ். கேட்ட இடமெல்லாம் முதலிலிருந்து ஆரம்பி என்கிறார்கள். அவனுக்கு எதிராகவா இந்தக் கொள்கைச் சண்டை?

நம் மேலும் தப்பு உண்டு. 'ரெகுலர்' என்ற ஒரு வார்த்தைக்காக எதையும் அடமானம் வைப்போம். என் சித்தப்பா மில்லில் ஷிஃப்ட் பார்த்தபடியே மதுரைக் காமராசரில் கரஸில் பி.ஏ. முடித்தவர். கல்யாணப் பத்திரிகையில் அந்த பி.ஏ.வைப் போட்டார்கள், கரஸ் என்பதை மூச்சு விடவில்லை.

முடியாத காரியமும் இல்லை இது. சென்னை ஐ.ஐ.டி. 2020-ல் அறிவித்த டேட்டா சயின்ஸ் டிகிரியில் எடுக்கிற கோர்ஸுக்கு மட்டும்தான் பணம். ஜே.இ.இ. வேண்டாம். வேகமாகப் படிக்கிறவர் சீக்கிரம் முடிக்கலாம், வேலைக்குப் போகிறவர் மெதுவாக. அதே முறையில் எல்லாக் காலேஜிலும் கிரெடிட்டுக்கு இவ்வளவு என்று ஃபீஸ் வாங்கட்டும். வெளியில் படித்த கிரெடிட்டை மறுத்தால் காரணத்தை எழுத்தில், பாடம் பாடமாக, பதினைந்து நாளில் கொடுக்கட்டும். இந்த இரண்டையும் யூ.ஜி.சி. 'வேண்டும்' போட்டு எழுத வேண்டும்.

அதுவரை, மாற்றல் உத்தியோகத்தில் இருப்பவர்கள் அட்மிஷன் ஃபீஸ் கட்டும் முன் இமெயிலில் கேளுங்கள்: வெளிக் கிரெடிட் எத்தனை ஏற்பீர்கள், ஏற்றால் ஃபீஸ் எவ்வளவு குறையும், ஸ்வயம் பட்டியல் எங்கே, ஐந்து செமஸ்டர் வழி உண்டா. நான் கேட்கவில்லை. கவுண்டரில் போய்த்தான் கேட்டேன், வாயால்.

டிஸ்கி: சீக்கிரம் முடிக்கும் ஆசையில் ப்ளஸ் டூவைத் தாண்டிக் குதிக்க வேண்டாம். தமிழக அரசு வேலைக்குப் பத்து, பன்னிரண்டு, பிறகு டிகிரி என்ற வரிசையில் படித்திருக்க வேண்டும்.