பொம்மைக்குக் கட்டுப்பாடு, துப்பாக்கிக்கு விலக்கு

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் ஒகாலா என்றொரு நகரம். அங்குள்ள வாடகைக் குடியிருப்பு ஒன்றையொட்டிய புல்தரையில் அக்கம்பக்கத்துக் குழந்தைகள் கூடி விளையாடுவது வழக்கம். அவர்களது கூச்சல் தனக்குத் தொல்லை என்று அங்கு வசித்த வெள்ளையினப் பெண் ஒருவர் காவல்துறையைத் திரும்பத் திரும்ப அழைத்துக்கொண்டிருந்தார். 2023 ஜூன் 2 அன்று அவர் ஒரு சிறுவன் மீது ரோலர் ஸ்கேட்டை வீசியெறிந்தார். அதைத் தட்டிக்கேட்கச் சென்ற தாய், நான்கு குழந்தைகளைப் பெற்ற கறுப்பினப் பெண், அவரது வீட்டுக் கதவைத் தட்டினார். தாயின் கையில் ஆயுதம் எதுவும் இல்லை. பூட்டிய கதவைத் துளைத்து வந்த தோட்டா, மகனின் கண்ணெதிரே அவரது உயிரைப் பறித்தது.

சுட்டவரைக் கைது செய்யக் காவல்துறைக்கு நான்கு நாட்கள் பிடித்தன. புளோரிடாவின் ‘பின்வாங்கத் தேவையில்லை’ சட்டம் இதற்குப் பொருந்துமா என்று ஆராய வேண்டியிருந்ததாம்! உயிருக்கு ஆபத்து நேரும் என்று ஒருவர் நியாயமாக அஞ்சினால், விலகிச் செல்ல வழியிருந்தாலும் அவர் விலக வேண்டியதில்லை. எதிரில் இருப்பவரைக் கொல்லலாம் என்பதே அந்தச் சட்டத்தின் சாரம். இறுதியில் நீதிமன்றம் குற்றவாளி எனத் தீர்ப்பளித்து, 2024 நவம்பரில் 25 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. இந்திய வம்சாவளியைச் சேர்ந்த கீதா காந்த்பீர் இயக்கிய ‘தி பெர்ஃபெக்ட் நெய்பர்’ என்ற ஆவணப்படம், காவலர்களின் உடலில் பொருத்திய கேமராக்கள் பதிவு செய்த காட்சிகளைக் கொண்டே இந்தக் கொலையை நம் கண்முன் நிறுத்துகிறது.

இதைத் தனியொருவரின் வக்கிரம் என்று ஒதுக்கிவிட முடியுமா? அதே ஆண்டு ஏப்ரலில் வடக்கு கரோலினாவில் குழந்தைகள் விளையாடிய கூடைப்பந்து பக்கத்து வீட்டு முற்றத்திற்குள் உருண்டோடியது. அதன் பின் நடந்த துப்பாக்கிச்சூட்டில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி காயமுற்றாள். அவளது தந்தைக்குப் படுகாயம். மே மாதம் லூசியானாவில் கண்ணாமூச்சி விளையாடிய 14 வயதுச் சிறுமியின் தலையில் தோட்டா பாய்ந்தது. 2025 ஆகஸ்டு இறுதியில் ஹூஸ்டனில், அழைப்பு மணியை அடித்துவிட்டு ஓடும் குறும்பு விளையாட்டில் ஈடுபட்ட 11 வயதுச் சிறுவன் சுடப்பட்டு மாண்டான். நம் தெருக்களில் இத்தகைய குறும்புக்குக் கிடைப்பது ஒரு வசவு. மிஞ்சினால் முதுகில் ஓர் அடி.

நிறவெறி மட்டுமே இவை அனைத்தையும் விளக்கிவிடாது. வடக்கு கரோலினாவில் சுட்டவர் ஒரு கறுப்பினத்தவர். தன் வேலிக்குள் கால்வைப்பவன் பகைவன், அவனை எதிர்கொள்ளத் துப்பாக்கியே துணை என்ற சொத்துடைமைச் சிந்தனை அந்தச் சமூகத்தின் எல்லாப் பகுதியினருக்குள்ளும் விதைக்கப்பட்டிருக்கிறது. அந்த விதை தானாக விழுந்ததல்ல. புளோரிடாவின் சட்டம் 2005இல் தேசிய ரைஃபிள் சங்கத்தின் முயற்சியால் நிறைவேறியது. பெருநிறுவனங்களின் பணத்தில் இயங்கும் ‘அலெக்’ என்ற அமைப்பு அதையே மாதிரிச் சட்டமாக்கி மற்ற மாநிலங்களுக்கும் கொண்டு சென்றது. அதே 2005இல்தான், துப்பாக்கியால் விளையும் குற்றங்களுக்காக அதைத் தயாரித்த நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுப்பதைப் பெருமளவு தடுக்கும் கூட்டாட்சிச் சட்டத்தில் ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்டார். சுடுபவரின் அச்சத்துக்கு ஒரு சட்டம், விற்பவரின் லாபத்துக்கு இன்னொரு சட்டம்.

உலக மக்கள்தொகையில் ஏறத்தாழ 4 விழுக்காட்டினரே வாழும் அந்த நாட்டில், பொதுமக்கள் கைகளில் 39 கோடிக்கும் மேற்பட்ட துப்பாக்கிகள் உள்ளதாக 2018இல் வெளியான ‘ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே’ மதிப்பீடு கூறுகிறது. தலைக்கு ஒன்றுக்கும் மேல்! துப்பாக்கி பெருகினால் பாதுகாப்பு பெருகும் என்ற வாதம் உண்மையானால், பூமியிலேயே பத்திரமான குழந்தைகள் அமெரிக்கக் குழந்தைகளாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் 2020இல், சாலை விபத்துகளையும் விஞ்சி, ஒன்று முதல் 19 வயது வரையிலானோரின் இறப்புக்கு முதல் காரணமாகத் துப்பாக்கி மாறியது. அந்த ஓராண்டில் மட்டும் 4,300க்கும் மேற்பட்டோர் பலியாயினர்.

குழந்தைகளைக் காக்கும் சட்டங்கள் அங்கு இல்லாமலில்லை. நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 1972இல் உருவாக்கப்பட்டது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையின் தொண்டையில் சிக்கக்கூடிய சிறு பாகம் உள்ள பொம்மையை அது சந்தையிலிருந்து திரும்பப் பெறச் செய்யலாம். ஆனால் துப்பாக்கி அதன் அதிகார வரம்புக்கு வெளியே வைக்கப்பட்டுள்ளது. பொம்மைத் துப்பாக்கியின் முனையில் ஆரஞ்சு நிறம் இருக்க வேண்டும் என்று 1988இல் ஒரு சட்டம் வந்தது. அசல் துப்பாக்கியைக் கட்டுப்படுத்த மனமில்லாத அரசு, பொம்மைக்கு அடையாளம் இட்டது.

அந்த அடையாளம் இல்லாத பொம்மைதான் 2014 நவம்பர் 22 அன்று கிளீவ்லாந்து நகரப் பூங்காவில் 12 வயதுக் கறுப்பினச் சிறுவன் ஒருவனின் கையில் இருந்தது. அது போலித் துப்பாக்கியாக இருக்கலாம், அவன் சிறுவனாக இருக்கலாம் என்று காவல்துறையை அழைத்தவரே சொல்லியிருந்தார். அத்தகவல் காவலர்களைச் சென்றடையவில்லை. அவர்களது வண்டி வந்து நின்ற இரண்டே நொடிகளில் சிறுவன் சுடப்பட்டான். வயதுவந்தோர் அசல் துப்பாக்கியை வெளிப்படையாக ஏந்தித் திரிவதைச் சட்டம் அனுமதிக்கும் மாநிலம் அது! சுட்ட காவலர் மீது குற்றம் சாட்டப்படவே இல்லை. பின்னர் 2017இல் அவர் வேலையிழந்தார். அதுவும் சிறுவனைக் கொன்றதற்காக அல்ல, பணி விண்ணப்பத்தில் உண்மையை மறைத்ததற்காக. ஆயுதம் ஏந்தும் உரிமை அனைவருக்கும் பொது என்று முழங்குவோர், 1967இல் கலிபோர்னியாவில் கருஞ்சிறுத்தைகள் துப்பாக்கியோடு வீதிக்கு வந்தபோது என்ன செய்தார்கள் என்பதையும் இங்கே நினைவுகூரலாம். அவசரமாகக் கொண்டுவரப்பட்ட தடைச் சட்டத்தில் ஆளுநர் ரீகன் கையெழுத்திட்டார். ரைஃபிள் சங்கம் அதை ஆதரித்தது.

இப்போது பொறுப்பு முழுவதும் தாய்மார்களின் தலையில் ஏற்றப்பட்டுள்ளது. பிள்ளையை வேறொரு வீட்டிற்கு விளையாட அனுப்பும் முன், ‘உங்கள் வீட்டில் பூட்டி வைக்காத துப்பாக்கி உண்டா?’ என்று கேட்கும்படி குழந்தை மருத்துவர்கள் அறிவுறுத்துகிறார்கள். அறிவுரை நல்லதுதான். ஆனால் மருத்துவர்கள் பெற்றோரிடம் துப்பாக்கி பற்றிக் கேட்பதையே 2011இல் புளோரிடா சட்டம் போட்டுத் தடுத்தது. அத்தடையை நீதிமன்றம் ரத்து செய்ய 2017 ஆகிவிட்டது. மறுபுறம், 2022இல் இல்லினாய் நிறுவனம் ஒன்று, ஏ.ஆர்.-15 ரைஃபிளைக் குழந்தைகளின் கைக்கு அடக்கமாகச் சுருக்கி, மண்டையோட்டுச் சின்னம் பொறித்துச் சந்தைப்படுத்தியது. சிகரெட் நிறுவனங்களிடம் கற்ற பாடம் போலும்: வாடிக்கையாளரை இளமையிலேயே பிடித்துவிட வேண்டும்.

துப்பாக்கி வன்முறை ஒரு பொதுச் சுகாதார நெருக்கடி என்று அந்நாட்டின் தலைமை மருத்துவ அதிகாரி 2024 ஜூனில் அறிக்கை வெளியிட்டார். டிரம்ப் மீண்டும் பதவியேற்ற சில வாரங்களில் அது அரசு இணையதளத்திலிருந்து அகற்றப்பட்டது. ஆயினும் பெற்றோர் ஓய்ந்துவிடவில்லை. 2012இல் சாண்டி ஹூக் பள்ளியில் பிள்ளைகளையும் உறவினர்களையும் பறிகொடுத்தோரில் ஒன்பது குடும்பங்கள், துப்பாக்கியின் மீதல்ல, அதன் விளம்பரத்தின் மீது வழக்குத் தொடுத்தன. சட்டத்தின் கேடயத்தில் இருந்த சிறு விரிசல் அது. 2022 பிப்ரவரியில் ரெமிங்டன் நிறுவனத்தின் காப்பீட்டாளர்கள் 7.3 கோடி டாலர் தர இணங்க வேண்டியதாயிற்று. நியூயார்க் முதலிய மாநிலங்கள் இப்போது அந்த விரிசலை அகலப்படுத்தத் தமது சட்டங்களை இயற்றியுள்ளன. அவற்றை முறியடிக்கத் துப்பாக்கி முதலாளிகள் நீதிமன்றப் படியேறிக் கொண்டிருக்கிறார்கள்.