சதுர அடியும் எதிர்ச் சுவரும்

ஊரிலிருந்து வரும் பெரியவர்கள் மும்பையில் வண்டியைவிட்டு இறங்கியதும் சொல்லும் முதல் சொல், “என்ன புழுக்கம்!” என்பதே. திருநெல்வேலிச் சீமையின் சித்திரை வெயிலைத் தாங்கியவர்களுக்கு, அதைவிட வெப்பம் குறைந்த இந்நகரில் மூச்சு முட்டுவானேன்? ஊரில் காற்று உலர்ந்தது. மேனியில் அரும்பும் வியர்வை ஆவியாகி உடலைக் குளிர்விக்கிறது. இங்கோ காற்றில் முன்பே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை எளிதில் உலர்வதில்லை, வழிகிறது. ஆகவே இவ்வூர் வீட்டிற்கு நிழல் மட்டும் போதாது, காற்றோட்டமும் வேண்டும்.

இரவிலும் இதே நிலைதான். பகலெல்லாம் வெயில் குடித்த சுவர்கள் இரவில் அவ்வெப்பத்தை வெளிவிடுகின்றன. வானம் திறந்திருந்தால் வெப்பம் மேலே போய்விடும். இரு கட்டடங்கள் நெருங்கி நின்றால் ஒன்றின் வெப்பத்தை மற்றொன்று வாங்கிக்கொள்கிறது. மழைக்காலத்தில் அதே சந்தில் சுவர் உலராது. ஓதம் ஏறிப் பூஞ்சணம் பூக்கிறது.

இவ்வுண்மையைப் பம்பாய் ஒருமுறை பெரும் விலை கொடுத்துக் கற்றது. 1896-இல் கொள்ளைநோய் பரவி, நெருக்கமான தெருக்களில் ஏராளமானோர் மாண்டனர். அதன்பின் 1898-இல் நகர மேம்பாட்டு டிரஸ்டு அமைந்தது. கடற்காற்று ஊருக்குள் புகுவதற்கென்றே பிரின்சஸ் தெரு போன்ற அகன்ற வீதிகள் திறக்கப்பட்டன. டிரஸ்டின் தலைவராயிருந்த ஜே. பி. ஆர் என்பவர், கட்டடத்தின் உயரம் அதன் முன்னுள்ள வெளியைப்போல் இரு மடங்கிற்கு மேற்படலாகாது என்னும் கணக்கை வலியுறுத்தினார். நம்மவர் மிகுதியாகக் குடியேறிய மாதுங்காவும் அந்த டிரஸ்டு வகுத்த பகுதியே. அதன் மர நிழலையும் வீட்டைச் சுற்றிய வெளியையும் கண்டோர் அக்கணக்கின் பயனை அறிவர்.

இனி, நம் வீட்டுக் கதை ஒன்று. நம் மைத்துனர் குடிசைப் பகுதியிலிருந்து புதிய ஏழுமாடிக் கட்டடத்திற்குக் குடிபெயர்ந்தார். கையெழுத்திட்ட நாளில் நாமும் உடனிருந்தோம். “எத்தனை சதுர அடி?” என்று மூன்று முறை கேட்டோம். எதிர்ச் சுவர் எத்தனை அடி தள்ளி நிற்கும் என்று ஒருமுறையும் கேட்கவில்லை. இரு தண்டவாளங்களுக்கு நடுவே எவ்வளவு வெளி வேண்டும் என்பதற்கு இரயில்வேயில் விதி உண்டு என்று அறிந்த நாம், வீட்டிற்கும் வெளி வேண்டும் என்பதை மறந்தோம்.

சென்று பார்த்தால், சாளரத்திற்கு எதிரே 10 அடியில் மற்றொரு சுவர். நண்பகலிலும் விளக்கு எரிகிறது. ஆடி மாதத்தில் துவைத்த துணி மூன்று நாளாகியும் ஈரம் காயவில்லை. அவருடைய இளைய மகளுக்கு இழுப்பு வந்துவிட்டது. 70 அடி உயரக் கட்டடத்திற்குப் பழைய கணக்கின்படி 35 அடி வெளி வேண்டும். குடிசையே மேல் என்று நாம் சொல்லவில்லை. தகரக் கூரையின் அனலையும் பொதுக் கழிப்பிடத்தின் வரிசையையும் அறிந்தவர் எவரும் அப்படிச் சொல்லார். தன் வீட்டிற்குள் குழாயும் கதவும் கிடைத்தது பெரும் பேறே. ஆனால் அப்பேற்றுடன் நோயும் சேர்ந்து வரவேண்டுமா? கோவண்டி, மான்கூர்டு மறுவாழ்வுக் குடியிருப்புகளை ஆராய்ந்தவர்கள், ஒளியும் காற்றும் குன்றிய கீழ்மாடிகளில் காசநோய் மிகுதி என 2018-இல் தெரிவித்தனர்.

தாராவியிலும் சயானிலும் நம்மவர் பலர் வீட்டில் இன்று மறுகட்டுமானப் பேச்சு நடக்கிறது. இலவச வீட்டின் அளவு 225 சதுர அடியிலிருந்து 269 ஆகி, பின் 300 ஆக உயர்ந்தது. மகிழ்ச்சியே. ஆனால் கூட்டத்தில் எழுந்து இம்மூன்றையும் கேளுங்கள்: கட்டடங்களுக்கிடையே எத்தனை அடி? காற்று ஒருபுறம் புகுந்து மறுபுறம் வெளியேற வழியுண்டா? மேற்கிலிருந்து வரும் கடற்காற்றை எந்தக் கட்டடம் மறைக்கிறது? விடையை வாய்மொழியாக ஏற்காமல் வரைபடத்தில் காட்டச் சொல்லுங்கள்.

முன்பே குடியேறிவிட்டவர்கள், சமைக்கும்போது அடுக்களைச் சாளரத்தைத் திறந்து வையுங்கள். ஈரத்துணியை மூடிய அறையில் உலர்த்தாதீர்கள். அலமாரியை வெளிச்சுவரைவிட்டுச் சற்றுத் தள்ளி வையுங்கள். சிறு உதவியே ஆயினும் உதவிதான்.

வரைபடம் புரியவில்லையென்றால் ஞாயிறு மாலை சங்கத்திற்குக் கொண்டு வாருங்கள். அளவுகோலுடன் காத்திருப்போம். மைத்துனருக்காகக் கேட்கத் தவறியதை உங்களுக்காகவேனும் கேட்போம்.