கூரைக்கு யார் கூலி கொடுப்பது?

பழைய கட்டடத்தைத் திருத்த வேண்டும் என்பதை மறுப்பார் எவருமிலர். செலவை யார் தலையில் சுமத்துவது என்பதே கேள்வி.

கலிபோர்ணியாவின் பேர்க்லி சர்வகலாசாலையில் மாணவர் நிலையக் கட்டடங்கள் எழுந்தது 1960களில். உள்ளூர் மாணவரிடம் போதனைக் கட்டணம் அறவிடுவதில்லை என்று 1960ஆம் ஆண்டின் உயர்கல்வித் திட்டம் உறுதி கூறிய காலம் அது. கட்டடம் முதுமையடைந்தது, உறுதிமொழியோ அதற்கு முன்பே செத்துவிட்டது. 2009 நவம்பரில் கட்டணத்தை 32 வீதம் உயர்த்தினார்கள். மாணவர் வீலர் மண்டபத்தைக் கைப்பற்றிப் போராடினர். மறு ஆண்டே அம்மாணவரிடம், நிலையத்தைப் புதுப்பிக்கத் தனிக் கட்டணம் தருவீர்களா என வாக்கெடுப்பு நடத்தி, 'ஆம்' என்ற விடையையும் பெற்றுக்கொண்டனர்.

இதற்குப் பெயர் ஜனநாயகமாம்! சங்கங்கள் இயங்கிய எஷல்மன் மண்டபம் பூமியதிர்ச்சிக்குத் தாங்காது எனக் கண்டிருந்தனர். ஆபத்தான கூரையின் கீழ் இருப்பவனிடம் கூரைக்குக் காசு கேட்டால் வேறென்ன விடை வரும்? வாக்களித்தவர் பட்டம் பெற்றுப் போய்விட்டனர். வாக்களிக்காத, பின்வந்த மாணவரே கடனைச் சுமந்தனர். 2013இல் எஷல்மன் இடிபட்டது. 2015இல் புதிய கட்டடங்கள் கண்ணாடி மினுங்கத் திறக்கப்பட்டன. மொத்தச் செலவு 20 கோடி டொலருக்கும் மேல்.

பக்கத்திலேயே ஸ்பிரௌல் மண்டபம். பேச்சுரிமை கேட்டு 1964 டிசம்பரில் அங்கு அமர்ந்திருந்த ஏறக்குறைய 800 பேரைப் பொலிஸார் இழுத்துச் சென்றனர். 1997இல் அம்மண்டபப் படிகளுக்கு அப்போராட்டத்தின் முன்னணி வீரர் மாரியோ சாவியோவின் பெயரைச் சூட்டினர். பெயர் சூட்டுவதற்கு அதிகம் செலவாகாது.

1978இல் சொத்து வரிக்கு உச்சவரம்பு கட்டிச் சொத்துடையோரைக் காத்த மாநிலம் அது. மாணவர் தலையிலுள்ள கட்டடக் கடனையும் அம்மாநிலமே ஏற்கட்டும்.