கப்பல் தானா ஒதுங்காது

வேங்கிக்கால்ல உட்கார்ந்துகிட்டு கப்பலைப் பற்றி எழுத உனக்கென்ன தகுதி என்று கேட்கலாம். நியாயம்தான். ஜன்னலைத் திறந்தால் எனக்கு மலைதான் தெரியும். ஆனால் என் புகார் கடலைப் பற்றியது அல்ல, ஒரு வினைச்சொல்லைப் பற்றியது.

2012 அக்டோபர் 31, நீலம் புயல். சென்னைத் துறைமுகத்துக்கு வெளியே நின்ற பிரதிபா காவேரி என்ற எண்ணெய்க் கப்பல் பெசன்ட் நகர் கரையருகே வந்து சிக்கியது. உயிர்காப்புப் படகில் தப்ப முயன்ற மாலுமிகளில் சிலர், படகு கவிழ்ந்து இறந்தார்கள். அடுத்த நாட்களில் ஊரே திரண்டு போய் போட்டோ எடுத்தது. தரை தட்டியது என்று சரியாக எழுதியவர்களும் உண்டு. ஆனால் இன்றும் பேச்சில் அது "கரை ஒதுங்கின கப்பல்"தான்.

கரை ஒதுங்குவது எது? செத்த மீன், கட்டை, ஒற்றைச் செருப்பு. கேப்டன் கிடையாது, முதலாளி கிடையாது. இந்தக் கப்பலுக்கு இரண்டு பேரும் இருந்தார்கள். நங்கூரம் பிடிக்காமல் இழுபட்டது. சம்பள பாக்கி, சாப்பாட்டுத் தட்டுப்பாடு என்றெல்லாம் அப்போதே செய்தி வந்தது. "ஒதுங்கியது" என்றதும் பழி மொத்தமும் காற்றின் தலையில்.

ஆபீஸ்ல சர்வர் நின்றுபோய், நான் "சர்வர் படுத்துடுச்சு" என்று அறிக்கை எழுதினால் அடுத்த நிமிஷமே திரும்பி வரும். எது, ஏன், யார் என்ன மாற்றின பிறகு? துணி விற்கிற ஒரு தளத்துக்கே இவ்வளவு கேள்வி.

தமிழில் சொல் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். அடிப்பாகம் தரையில் மோதி நின்றால் தரை தட்டுதல். வேண்டுமென்றே ஓட்டிவந்து ஏற்றினால் கரையேற்றுதல். குஜராத்தின் அலங்கில் உடைக்க வரும் கப்பல்களைக் கடல் பெருகும் நேரம் பார்த்து அப்படித்தான் ஏற்றுகிறார்கள். இது பண்டிதர் விளையாட்டு இல்லைங்க. சரக்கையும் கப்பலையும் காப்பாற்றக் கேப்டனே கரையேற்றினால், அந்த இழப்பைக் கப்பல்காரரும் சரக்குக்காரர்களும் பங்கு போட்டுக்கொள்வது பழைய கடல் வணிக வழக்கம். தற்செயலாகத் தட்டினால் அந்தப் பங்கு இல்லை. வினைச்சொல் மாறினால் பணம் கட்டுகிற ஆளே மாறுவார்.

தரை தட்டிய கப்பல் பகலில் மூன்று கறுப்பு உருண்டைகளை ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொங்கவிட வேண்டும் என்பது சர்வதேச விதி. இரவில் நங்கூர விளக்கோடு கூடுதலாக இரண்டு சிவப்பு விளக்குகள். கப்பலே தன் நிலைமையை ஒளிக்காமல் சொல்கிறது. மழுப்புவது நாம்தான்.

நங்கூரம் இழுபட்டுத் தரை தட்டியது. நாலே சொல். எந்தத் தலைப்பிலும் இடம் இருக்கும்.