கட்டிலுக்கும் சர்டிபிகேட் பார்க்கணுமா, டாக்டர்?

நேற்று ராத்திரி பத்தரை மணிக்கு ஒரு டாக்டர் நண்பர் வாட்ஸப்பில் பிடிஎஃப் அனுப்பினார். சின்ன ஆஸ்பத்திரி அவருடையது. "சீனாவிலிருந்து நேரடியா இருபது மோட்டார் கட்டில் இறக்கறேன். சிஇ இருக்கு, எஃப்டிஏ இருக்கு, ஐஎஸ்ஓ இருக்கு. காலைல அட்வான்ஸ் போடறேன், ஒரு பார்வை பாருங்க."

பார்த்தேன். போடாதீங்கன்னு சொன்னேன். ஏன்னு சொல்லத்தான் இந்த இழை. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க. ஆஸ்பத்திரி நடத்தறவங்க மட்டுமில்ல, வீட்டில் படுத்த படுக்கையா இருக்கும் அப்பா அம்மாவுக்குக் கட்டில் வாங்கப் போறவங்களும் படிக்கலாம்.

முதல்ல ஒரு பழைய கதை. நான் டியூட்டி டாக்டரா இருந்த காலம். எண்பது தாண்டிய ஒரு தாத்தா, நிமோனியா, ராத்திரியானா குழப்பம். விழுந்துடக் கூடாதேன்னு சைடு ரெயிலை ஏத்தி விட்டிருந்தோம். விடியற்காலை மூணு மணிக்கு சிஸ்டர் போட்ட சத்தம் இன்னும் காதுல இருக்கு. ரெயிலுக்கும் மெத்தைக்கும் நடுவில் உடம்பு சரிந்து, கழுத்து மாட்டியிருந்தது. சிஸ்டர் அந்த நேரத்தில் ரவுண்ட்ஸ் வந்ததால் பிழைத்தார். நாங்க உடனே செஞ்சது, தூங்கிட்டிருந்த அட்டெண்டரைத் திட்டினது. கட்டிலை யாருமே அளந்து பார்க்கல. நானும்தான்.

இது அபூர்வம்னு நினைக்காதீங்க. அமெரிக்காவின் எஃப்டிஏவுக்கு 1985 முதல் 2009 ஜனவரி 1 வரை இப்படி ரெயிலில் மாட்டிக்கொண்ட சம்பவங்கள் என்று 803 புகார்கள் வந்தன. அதில் 480 பேர் இறந்துபோனார்கள். பெரும்பாலும் முதியவர்கள், உடம்பு தளர்ந்தவர்கள், குழப்பத்தில் இருந்தவர்கள். அதனால்தான் 2006-ல் எஃப்டிஏ, கட்டிலில் ஆள் மாட்டக்கூடிய 7 இடங்களைப் பிரித்துக் காட்டி வழிகாட்டுதல் வெளியிட்டது. ரெயில் கம்பிகளுக்கு நடுவிலும், ரெயிலுக்கு அடியிலும், ரெயிலுக்கும் மெத்தைக்கும் இடையிலும் 120 மில்லிமீட்டருக்குக் குறைவாகத்தான் இடைவெளி இருக்கணும். தலை நுழையக் கூடாது, அவ்வளவுதான் கணக்கு. மருத்துவக் கட்டில்களுக்கான சர்வதேசத் தரமான ஐஇசி 60601-2-52-உம் இதையெல்லாம் சோதிக்கச் சொல்கிறது.

இப்போ நண்பரின் பிடிஎஃப்புக்கு வருவோம்.

எஃப்டிஏ சர்டிபிகேட்னு கழுகுப் படமெல்லாம் போட்டு ஒரு பக்கம். கம்பெனி தன் பெயரைப் பதிவு செய்ததுக்கு எஃப்டிஏ அப்படி ஒரு சான்றிதழ் தருவதே கிடையாது. பதிவு என்றால் ஒப்புதல் இல்லை என்று அவர்களே சொல்கிறார்கள். நடுவில் இருக்கும் ஏஜென்சிகள் அச்சடித்துக் கொடுக்கும் காகிதம் அது. சுவரில் மாட்ட அழகா இருக்கும்.

அடுத்து சிஇ. ஐரோப்பிய விதிப்படி மருத்துவமனைக் கட்டில் கிளாஸ் 1, அதாவது குறைந்த ஆபத்துப் பிரிவு. தயாரிப்பாளரே 'எல்லாம் சரியா இருக்கு' என்று அறிவித்து முத்திரை போட்டுக்கொள்ளலாம். வெளியாள் யாரும் சோதித்திருக்கணும்னு கட்டாயமில்லை. தப்புன்னு சொல்லல. ஆனா அது என்ன காகிதம்னு தெரிஞ்சு வாங்கணும் இல்லையா?

ஐஎஸ்ஓ 13485 நல்ல விஷயம்தான். ஆனா அது தொழிற்சாலையின் நிர்வாக முறைக்கான சான்று, உங்க கட்டிலுக்கானது இல்லை. நண்பருக்கு வந்ததில் முகவரி விற்பனை அலுவலகத்துடையது. கட்டில் எங்கே செய்யறாங்கன்னு காகிதத்தில் எங்கேயும் இல்லை!

கேட்க வேண்டியது ஒண்ணுதான். ஐஇசி 60601-1, 60601-2-52 ரெண்டுக்கும் ஆய்வகம் கொடுத்த முழு சோதனை அறிக்கை. முதல் பக்கம் மட்டும் இல்ல, முழுசும். அதில் இருக்கும் மாடல் எண்ணும் உங்க இன்வாய்ஸில் இருக்கும் மாடல் எண்ணும் ஒண்ணா இருக்கணும்.

சட்டம் வேற இருக்கு. 2020 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் எல்லா மருத்துவ உபகரணங்களும் 2017 மருத்துவ உபகரண விதிகளுக்குள் வந்துவிட்டன. இறக்குமதி செய்பவர் அந்தந்த வகுப்புக்கு ஏற்ப சிடிஎஸ்சிஓவில் பதிவோ உரிமமோ வைத்திருக்கணும். "சொந்த ஆஸ்பத்திரிக்குத்தானே"ன்னு நேரடியா இறக்கினா, கன்டெய்னர் துறைமுகத்தில் நிற்கும், டெமரேஜ் மீட்டர் ஓடும். இருபது கட்டிலுக்காக ஒரு சின்ன ஆஸ்பத்திரி இந்தக் காகிதமெல்லாம் தயார் பண்றது பெரிய தலைவலிதான், ஒத்துக்கறேன். அதுக்கு, ஏற்கெனவே பதிவு வைத்திருக்கும் இறக்குமதியாளரிடமே வாங்கலாம். அதே சமயம் பதிவு எண் இருந்தாலே கட்டில் பத்திரம்னும் நம்பிடாதீங்க. கீழ் வகுப்பில் பெரும்பாலும் இறக்குமதியாளரின் சொந்த உறுதிமொழியில்தான் பதிவே நடக்கிறது.

இத்தனையும் சரியா செய்துவிட்டு, கடைசியில் நாம கோட்டை விடற இடம் மெத்தை. சோதனை நடந்தது குறிப்பிட்ட அளவு மெத்தையோடு. நாம ஃப்ரேமை மட்டும் இறக்கி, பக்கத்துத் தெருக் கடையில் மெத்தை தைத்துப் போடுவோம். அகலம் ரெண்டு இஞ்ச் குறைஞ்சா ஓரத்தில் பள்ளம். புண் வராம இருக்க அதன்மேல் ஏர் பெட் போட்டா உயரம் கூடி ரெயில் குள்ளமாகிடும். மெத்தைக்கு மேலே ரெயில் குறைந்தது 220 மில்லிமீட்டர் நிற்கணும் என்கிறது அந்தத் தரம். அந்த நொடியே உங்க சர்டிபிகேட் வேற ஏதோ கட்டிலுக்கு ஆயிடுது.

அதனால ஒரே ஒரு கட்டிலை முதல்ல வரவழைங்க. நீங்க போடப்போற மெத்தையைப் போட்டு, டேப்பால அளங்க. தலைப்பக்கத்தைத் தூக்கிட்டு இன்னொரு தடவை அளங்க, இடைவெளி மாறும். கரண்ட் போனா தலைப்பக்கத்தைக் கையால் சட்டுனு இறக்க முடியுதான்னும் பாருங்க, சிபிஆர் நேரத்தில் ஜெனரேட்டருக்காகக் காத்திருக்க முடியாது.

"ஒரு கட்டிலுக்கு இவ்வளவு அலப்பறையா?"ன்னு கேட்டார் நண்பர். வென்டிலேட்டர் வாங்கும்போது கேட்காத கேள்வி.

இருந்தாலும் காலையில் அட்வான்ஸ் போடலை. முழு அறிக்கை கேட்டு மெயில் அனுப்பியிருக்கார், அந்தப் பக்கத்திலிருந்து அதே முதல் பக்கம்தான் திரும்ப வந்திருக்கு. இப்போ வார்டில் டேப்போடு பழைய கட்டில்களை அளந்துட்டிருக்கார். மூணாவது கட்டிலில் 140 மில்லிமீட்டர்னு மெசேஜ் வந்தது. அதுல யாரு படுத்திருக்காங்கன்னு கேட்டிருக்கேன்.