முதலில் எஞ்சினை நிறுத்துவோம்

பழுதான வாகனத்தை வீட்டு முற்றத்திலேயே கழற்றிப் பார்க்கும் துணிவு, பஞ்சமும் இடப்பெயர்வும் எங்களுக்குக் கற்றுத் தந்தது. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலில் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். அந்தக் கெட்டித்தனத்தை இன்றும் பெருமையோடு பேசுகிறோம். எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி, ஒயிலை நீர்த்துப்போகச் செய்து எஞ்சினைத் தேய்த்ததைப் பேசுபவர் குறைவு.

2006இல் சம்பூரை விட்டு வெளியேறி, 2015இல் காணி விடுவிப்புத் தொடங்கிய பின் திரும்பியவர்களைப் போல, எங்கள் மாவட்டத்தில் பலர் வெறுங்கையோடு மீண்டும் தொடங்கியவர்கள். கடனுக்கு வாங்கிய பழைய வான்தான் கத்தரிக்காயைத் திருகோணமலைச் சந்தைக்குக் கொண்டுபோகிறது. அதன் எஞ்சின் போனால் ஒரு போகமே போன மாதிரி. ஆகவே திருத்தப் பழகுமுன் நிறுத்தப் பழக வேண்டும் என்பது என் கருத்து.

லாண்ட்மாஸ்டர் ஓட்டிப் பழகியவருக்கு இதில் ஒரு தடுமாற்றம் உண்டு. சீனாவில் செய்த ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சின்கள் பலவற்றில் தண்ணீர் கொதித்து ஆவியாகித்தான் சூடு வெளியேறுகிறது. அங்கே ஆவியைக் கண்டு பயப்பட வேண்டாம். குறைந்த தண்ணீரை நிரப்பினால் போதும். வானில் அப்படியல்ல. அதன் றேடியேற்றர் அழுத்தத்தோடு மூடியிருப்பதால் தண்ணீர் 100 பாகைக்கு மேலும் கொதிக்காமல் நிற்கும். மூடியைத் திறந்த கணமே பொங்கிப் பாயும். என் முழங்கைத் தழும்பு அப்படி வந்ததுதான். கன்னியா வெந்நீர்ச் சூடல்ல அது.

முள் சிவப்பை நோக்கி ஏறினால் ஓரங்கட்டி எஞ்சினை அணையுங்கள். "சந்தைக்கு இன்னும் இரண்டு மைல்தானே" என்ற எண்ணமே ஹெட்டை வளைக்கிறது. ஆவி பறந்தபின் முள் திடீரென இறங்கினாலும் நம்பாதீர்கள். தண்ணீர் முழுதும் போயிருக்கலாம். முற்றாக ஆறும்வரை பொறுங்கள். சூடான எஞ்சினில் பச்சைத்தண்ணீர் ஊற்றினால் இரும்பு வெடிக்கும்.

ஆறியபின் கிழிந்த ரப்பர் குழாயை மாற்றலாம், தளர்ந்த பெல்ட்டை இறுக்கலாம், றேடியேற்றரை அடைத்த வைக்கோல் தூசியைக் கழுவலாம். இவை வீட்டு வேலைகள். நிலாவெளி, குச்சவெளிப் பக்கத்துக் கரையோர உவர்நீரை ஊற்ற வேண்டாம், உள்ளே அரிக்கும். மழைநீர் நல்லது, கூலன்ற் அதைவிட நல்லது. ஒழுக்குக்கு மஞ்சள்தூள் போடும் கைவைத்தியம் வீடுவந்து சேர உதவலாம். பிறகு றேடியேற்றரின் நுண்குழாய்களையும் அதுவே அடைக்கும்.

வெளியே ஒழுக்கில்லாமல் தண்ணீர் குறைகிறதா? ஒயில் பால்தேநீர் நிறமாகிறதா? எஞ்சின் சூடேறிய பின்னும் வெள்ளைப் புகை நிற்கவில்லையா? ஹெட் காஸ்கற் போயிருக்கக்கூடும். இதை மரத்தடியில் கழற்றாதீர்கள். வளைந்த ஹெட்டைப் பட்டறையில் மட்டமாக்க வேண்டும். ஆணிகளைக் குறித்த வரிசையில், குறித்த இறுக்கத்தில் பூட்ட வேண்டும். கையளவில் இறுக்கிய காஸ்கற் மறுபடி போனால் செலவு இரட்டிப்பு. கராச்சுக்குக் கட்டி இழுத்துக்கொண்டு போகும் கூலி அதைவிட மலிவு.

காலையில் வான் நின்ற இடத்தில் ஈரம் இருந்தால், முற்றம் கூட்டும் அம்மாதான் முதலில் காண்பார். எதைப் பார்க்க வேண்டும் என்று அவருக்கும் சொல்லி வையுங்கள்.