மாந்திரிக நாவல்கள் தள்ளத்தக்கனவா?

இக்காலத்து மாணவர் தம் ஓய்வுநேரத்தில் பெரிதும் விரும்பிப் படிக்கும் கதைநூல்கள் யாவை என வினவின், மாந்திரிகரையும் மாயவித்தையையும் பொருளாகக் கொண்ட ஆங்கில நாவல்கள் அவற்றுள் முன்வரிசையில் நிற்றலைக் காணலாம். விடுதி அறைகளில் அவை கைமாறிக் கைமாறி அட்டை கிழிந்து போகின்றன. ஆயினும் அவற்றை வீட்டிற்குக் கொண்டுசெல்ல அஞ்சுவாரும் நம்முள் உளர். கிறிஸ்தவப் பிள்ளைகள் தொடவும் தகாத நூல்கள் என்று பெற்றோரும் சபைப் பெரியோரும் கடிந்துரைப்பதே அவ்வச்சத்திற்குக் காரணம். அதனால் வேறொரு நூலின் உறையை மேலே இட்டுப் படிப்பாரும், படித்தபின் மனச்சான்று உறுத்த வருந்துவாரும் பலராயினர். ஒரு நூலை வெளிப்படையாகப் படித்தல் நன்று. தக்க காரணங் கண்டு படியாது விடுதலும் நன்று. மறைத்துப் படித்தலோ இவ்விரண்டினும் தாழ்ந்தது. ஆதலின் இந்நாவல்கள் தள்ளத்தக்கனவா கொள்ளத்தக்கனவா என்பதை நம் கல்லூரி மலரில் நின்று ஆராய்தல் பொருந்தும் எனக் கருதுகின்றோம்.

முதற்கண் மறுப்போர் கூற்றை உள்ளவாறே எடுத்துரைப்பாம். குறிசொல்லுதல், சூனியம் செய்தல், இறந்தோரிடம் குறிகேட்டல் ஆகியவற்றை உபாகமம் 18-ஆம் அதிகாரம் ஐயத்திற்கிடமின்றி விலக்குகின்றது. எந்தோரில் அஞ்சனம் பார்ப்பவளை இரவில் நாடிச்சென்ற சவுல் மன்னன் போர்க்களத்தில் மாண்டான். எபேசு நகரத்து மாயவித்தைக்காரர் மனந்திரும்பியபோது 50,000 வெள்ளிக்காசு பெறுமான நூல்களைப் பலரறியத் தீயிலிட்டனர் என அப்போஸ்தலர் நடபடிகள் 19-ஆம் அதிகாரம் கூறுகின்றது. இவற்றை அறிந்த பெற்றோர் அஞ்சுதல் இயல்பே. அவ்வச்சம் முற்றியவிடத்து, 2001-ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்து அலமகோர்டோ என்னும் ஊரில் ஒரு சபையார் ஜே. கே. ரௌலிங் அம்மையாரின் ஹாரி பாட்டர் நூல்களைக் கொளுத்தவும் செய்தனர். 2000 முதல் 2009 வரையுள்ள பத்தாண்டுகளில் அந்நாட்டு நூலகங்களிலும் பள்ளிகளிலும் மிகுதியாக எதிர்க்கப்பட்ட நூல்வரிசை அதுவே என அமெரிக்க நூலகச் சங்கத்தார் அறிவித்துள்ளனர்.

இம்மறுப்பை நகைத்துத் தள்ளுதல் முறையன்று. ஆயினும் எபேசு நிகழ்ச்சியைச் சற்று ஊன்றி நோக்குவோமாக. அங்கு எரிந்தவை கதைநூல்கள் அல்ல. மாயவித்தையைத் தொழிலாகக் கொண்டோர் அத்தொழிலுக்கெனக் கையாண்ட சுவடிகள். எரித்தோரும் அவற்றின் உடைமைக்காரரே. தம் பொருளைத் தாமே துறந்தனர். பிறர் நூலைப் பறித்து எரித்தாரல்லர். அந்நூலிலேயே 8-ஆம் அதிகாரத்தில் சமாரியாவைச் சேர்ந்த மாயவித்தைக்காரன் சீமோனைக் காண்கின்றோம். அப்போஸ்தலர்க்கு அருளப்பட்ட வல்லமையைப் பணங்கொடுத்துப் பெற எண்ணி, அவன் பேதுருவினால் கடியப்பட்டான். அவன் குற்றம் யாது? ஆற்றலைத் தனக்கென உடைமையாக்க விரும்பிய பேராசையே யன்றோ? மாயவித்தை என்னும் நச்சுமரத்திற்கு வேர் இப்பேராசையே. இதனையே அளவுகோலாகக் கொண்டு மாந்திரிக நாவல்களுள் தலைசிறந்தன சிலவற்றை அளந்து பார்ப்பாம்.

ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்தில் பழைய ஆங்கிலங் கற்பித்த பேராசிரியர் டோல்கீன், 1954, 1955-ஆம் ஆண்டுகளில் ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ என்னும் பெருநாவலை மூன்று பகுதிகளாக வெளியிட்டார். உலகனைத்தையும் அடக்கியாளும் ஆற்றல் வாய்ந்த ஒரு மோதிரமே அதன் கருப்பொருள். அதனை வைத்திருந்த எளியோனாகிய ஃப்ரோடோ, மாந்திரிகனாகிய காண்டால்ஃபிடம் அதைக் கொடுக்க முன்வருகின்றான். காண்டால்ஃபோ நடுங்கி மறுக்கின்றான். எளியோர்க்கு இரங்கி நன்மை செய்யவே அதனைக் கையிலெடுப்பேன், அந்நன்மையின் வழியாகவே கெட்டொழிவேன் என்பது அவன் அச்சம். அவனினும் உயர்நிலையிலிருந்த சாருமான் என்னும் மாந்திரிகன் அதை விரும்பினான், விரும்பியதனாலேயே வீழ்ந்தான். புதையலைத் தேடிச் செல்லும் கதைகள் உலகிற் பல. கையிலுள்ள புதையலைத் தொலைப்பதற்கென்றே வழிநடக்கும் கதை இது.

டோல்கீனின் நண்பராகிய சி. எஸ். லூயிஸ் 1955-இல் எழுதிய ‘தி மெஜிஷியன்ஸ் நெஃப்யூ’ என்னும் நூலில், ஆண்ட்ரூ என்னும் மாந்திரிகன் தான் செல்ல அஞ்சும் வேற்றுலகங்கட்குச் சிறுபிள்ளைகளை ஏமாற்றி அனுப்புகின்றான். பெரியோர்க்கு விதிகள் பொருந்தா என்பது அவன் கொள்கை. அவன் மருகனாகிய டிகரியோ, நோயுற்றுச் சாகக்கிடக்கும் தன் தாயைப் பிழைப்பிக்க வல்ல கனியைக் கையிற் பெற்றும், அதனைக் களவாடிச் செல்லாது, அனுப்பியவரிடமே கொண்டுவந்து சேர்க்கின்றான். இருவருள் எவன் பக்கம் நூலாசிரியர் நிற்கின்றார் என்பதைச் சிறுவரும் அறிவர்.

இனி, மிகுதியாகப் பழிக்கப்பட்ட ஹாரி பாட்டர் கதைக்கு வருவாம். 1997 முதல் 2007 வரை ஏழு நூல்களாக வெளிவந்து 50 கோடிப் படிகளுக்குமேல் விற்ற கதை இது. முதல் நூலிலேயே சாவைத் தவிர்க்கும் ஒரு கல் வருகின்றது. அதனை அடைய விரும்பியும் தனக்கெனப் பயன்படுத்த விரும்பாதவனுக்கே அது கிட்டும் என வகுத்துள்ளனர். அதனாலேயே அது சிறுவன் ஹாரியிடம் வந்து சேர்கின்றது. பகைவனாகிய வால்டெமார்ட், சாவுக்கு அஞ்சித் தன் ஆன்மாவையே துண்டுதுண்டாக்கி மறைத்து வைத்தவன். இறுதி நூலில் ஹாரி வெல்லற்கரிய மந்திரக்கோலைப் பெற்றும் அதனைத் தனக்கென வைத்துக்கொள்ளாது துறக்கின்றான். அந்நூலில் ஹாரியின் பெற்றோர் கல்லறைமேல் பொறிக்கப்பட்டிருப்பது 1 கொரிந்தியர் 15-ஆம் அதிகாரத்தின் 26-ஆம் வசனம். அண்மையிலுள்ள மற்றொரு கல்லறைமேல் இருப்பது மத்தேயு 6-ஆம் அதிகாரத்தின் 21-ஆம் வசனம். நூலைக் கொளுத்தியோர் ஆறாண்டு பொறுத்திருந்தால் தம் வேதவாக்கியத்தையே அதனுட் கண்டிருப்பர்.

இவை யாவற்றினும் எம் உள்ளத்தைப் பெரிதும் ஈர்த்தது, அர்சுலா லெ குவின் அம்மையார் 1968-இல் எழுதிய ‘எ விஸர்ட் ஆஃப் எர்த்ஸீ’ என்னும் நாவல். எண்ணிறந்த தீவுகள் நிறைந்த ஓர் உலகு அதன் களம். கதைத்தலைவனாகிய கெட் என்பான் ஆடுமேய்க்கும் மலைநாட்டுச் சிறுவன்; செம்பழுப்பு மேனியன். ஒவ்வொரு பொருளுக்கும் உலகப் படைப்பின்போது இடப்பட்ட ஓர் உண்மைப் பெயர் உண்டு. அதனை அறிந்தவனே அப்பொருளை ஏவவல்லான் என்பது அவ்வுலகின் நியதி. ஆகவே மாந்திரிகப் பள்ளியின் மாணவர் ஒரு தனிக் கோபுரத்தில் அமர்ந்து நீண்ட பெயர்ப்பட்டியல்களை மனப்பாடஞ் செய்கின்றனர். நள்ளிரவில் எழுத்து மறைந்துபோகுமுன் அவை நெஞ்சிற் பதிந்தாக வேண்டும். நிகண்டு கற்ற தமிழ்மாணவர் எவரும் இப்பகுதியைப் புன்முறுவலின்றிப் படித்தல் அரிது. மந்திரம் என்பது கைவீச்சன்று, சொல்லறிவே என்று கூறும் இந்நூல், ஒரு சொல்லைப் பிழையாக வழங்குதல் எத்துணைத் தீங்கு பயக்கும் என்பதையும் உடன் கூறுகின்றது.

அப்பள்ளியில் ஆசிரியர் முதலிற் கற்பிப்பது அடக்கம். ஒரு கூழாங்கல்லை மணிபோலத் தோன்றச் செய்தல் எளிது. அதனை உண்மையில் மணியாக மாற்றினால் உலகின் சமநிலை குலையும். ஓரிடத்துப் பெய்வித்த மழை வேறோரிடத்து வறட்சியாக முடியலாம் என அவர்கள் அறிவுறுத்துகின்றனர். கெட் அதனைச் செவிமடுத்தானல்லன். உடன்பயிலும் ஒருவன் தன்னை இகழ்ந்தமை பொறாது, தன் திறமையைக் காட்ட, இறந்துபட்ட ஒரு பெண்ணின் ஆவியை அழைக்கின்றான். அவ்வழியே வந்தது பெயரில்லாத ஒரு நிழல். அப்பிளவை அடைக்கத் தம் ஆற்றலெல்லாம் செலவிட்டு முதுபெருந் தலைவர் உயிர் துறக்கின்றார். முகத்தில் மாறா வடுவேற்ற இளைஞன் அந்நிழலுக்கு அஞ்சிப் பல தீவுகளில் ஓடி ஒளிகின்றான். பின்னர்த் திரும்பி அதனைத் துரத்துகின்றான். ஈற்றில் அதற்கு அவன் இட்டழைத்த பெயர் தன் சொந்தப் பெயரே. இறந்தோரை அழைக்கலாகாது என்னும் உபாகமத்தின் விலக்கை இதனினும் அழுத்தமாக ஓர் இளைஞன் நெஞ்சிற் பதிக்கும் கதையை யாம் கண்டிலம்.

இக்கருத்து தமிழர்க்குப் புதியதன்று. மணிமேகலைக் காப்பியத்தை எடுத்துக்கொள்வோம். வேற்றுருக் கொள்ளுதல், வான்வழிச் செல்லுதல், பசியொழித்தல் ஆகிய மூன்றிற்கும் உரிய மந்திரங்களை மணிமேகலா தெய்வம் அவளுக்கு உபதேசிக்கின்றது. அவளோ அமுதசுரபியைக் கையேந்திப் பசித்தோரைத் தேடிச் செல்கின்றாள், சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்குகின்றாள். எனினும், உதயகுமரனுக்குத் தப்பவேண்டி அவள் காயசண்டிகையின் உருவை மேற்கொண்டமை ஒரு கொலையில் முடிகின்றது. தன் மனைவியையே அரசிளங்குமரன் தொடர்கின்றான் எனப் பிறழவுணர்ந்த காஞ்சனன் அவனை வாளால் வீழ்த்துகின்றான். நல்லாள் நற்காரணம் பற்றி மேற்கொண்ட மாயமும் விலை கேட்கும் என்பதைச் சாத்தனார் மறைத்திலர். மந்திரம் வருதலால் தமிழ்ச் சிறப்பு வகுப்பிலிருந்து மணிமேகலையை நீக்குவார் எவரும் இலர். ஒரே பொருள் பழஞ்செய்யுளில் வரின் இலக்கியம், ஆங்கில நாவலில் வரின் நஞ்சு என்பது யாங்ஙனம் பொருந்தும்?

மற்றொரு தடை எழுதல் கூடும். மந்திரத்தையும் சூனியத்தையும் மெய்யென நம்பி மக்கள் இன்றும் அல்லலுறும் நம் நாட்டில் இத்தகைய கதைகள் வேண்டுமோ என்பர். இது பொருள்பொதிந்த வினா. பெண்டிரைச் சூனியக்காரியர் எனப் பழித்துத் துன்புறுத்துவதைத் தடுக்கப் பீகாரில் 1999-ஆம் ஆண்டிலும், நரபலி செய்வினை முதலியவற்றைத் தடுக்க மகாராஷ்டிரத்தில் 2013-ஆம் ஆண்டிலும் சட்டம் இயற்றவேண்டி நேர்ந்தமையை எண்ணுக. ஆனால் தாயத்து விற்போனும் தகடு புதைப்போனும் தம் சரக்கைக் கதையென்று சொல்லி விற்பதில்லை. மெய்யென்று சொல்லியே விற்கின்றனர். நாவலாசிரியரோ முதற்பக்கத்திலேயே இது புனைவு என ஒப்பி, வாசகனோடு ஓர் உடன்பாடு செய்துகொள்கின்றார். கதையைக் கதையென அறிந்து மகிழப் பழகிய உள்ளம், மெய்யெனப் புகுத்தப்படும் பொய்யை எளிதில் இனங்காணும் என்பதே எம் எண்ணம்.

இதுகாறும் கூறியதனால் மாந்திரிக நாவல்கள் யாவும் நல்லன எனக் கொள்ளற்க. ஒரு சொல்லாலும் ஒரு கோலாலும் எல்லா இடரும் நீங்க, உழைப்பும் வருத்தமும் இன்றித் தலைவன் வெல்லும் நூல்கள் பல உள. அவை படிப்போரைச் சோம்பராக்குவன. சிறந்த நூல்களும் குறையற்றன அல்ல. ஹாரி பாட்டர் கதையில் பள்ளியின் அடுக்களையில் ஊதியமின்றி உழைக்கும் வீட்டுக்குறளர் நிலை மாறாமலே கதை முடிகின்றது. அவர்க்காகக் குரலெழுப்பிய பெண்ணை ஏனைய மாணவர் எள்ளி நகையாடுகின்றனர். லெ குவின் அம்மையாரின் மாந்திரிகப் பள்ளியிலோ பெண்களுக்கு இடமில்லை. ஆனால் அக்குறையைத் தாமே உணர்ந்து, 1990-இல் ‘டெஹானு’ என்னும் நூலில் அவ்வுலகைப் பெண்ணின் கண்கொண்டு மீண்டும் ஆராய்ந்த நேர்மை அவர்க்குண்டு. இத்தகைய குறைகளைக் கண்டு பேசுதலே கல்லூரி மாணவர்க்கு அழகு. படியாது பழித்தலும் ஆராயாது புகழ்தலும் அழகல்ல.

ஆகவே ஒரு மாந்திரிக நாவலைக் கையிலெடுக்கும் மாணவர் மூன்று வினாக்களை எழுப்புவாராக. இக்கதையில் ஆற்றலுக்கு விலையுண்டா? அவ்விலையைச் செலுத்துவோன் அதனைக் கையாண்டவனா, அன்றி ஏதுமறியா எளியோனா? கையிற் பெற்ற ஆற்றலைக் கீழே வைக்கத் தலைவனால் இயலுமா? வனாந்தரத்தில் கற்களை அப்பமாக்கும்படி ஏவப்பட்டபோது, ஆற்றலிருந்தும் அதனைத் தம் பசிக்குப் பயன்படுத்தாதவரை நாம் வணங்குகின்றோம். அவரைப் பின்பற்றும் நமக்கு இம்மூன்றாம் வினா அயலானதன்று.

பெற்றோர்க்கும் சபைப் பெரியோர்க்கும் எம் பணிவான விண்ணப்பம் ஒன்று: விலக்குமுன் ஒரு நூலையேனும் முழுமையும் படித்து, எம்மோடு அமர்ந்து உரையாடுங்கள். நூலகப் பொறுப்பாளர்க்கும் ஒன்று: இந்நூல்களைப் பூட்டிய அலமாரியில் வையாது, ஏனைய நாவல்களோடு ஒருங்கு வையுங்கள். மாணவ நண்பர்க்கு யாம் கூறுவது இதுவே: உறையை அகற்றிவிட்டுப் படியுங்கள், படித்ததைப் பலரறியப் பேசுங்கள், பேசும்போது மாயத்தின் வியப்பில் நின்றுவிடாது, அதனைக் கையாண்டவன் என்ன ஆயினான் என்பதையும் கேளுங்கள். இன்று நம் வகுப்பிலிருப்போர் நாளை ஆசிரியராகவும் அதிகாரியாகவும் போதகராகவும் ஏதேனும் ஓர் ஆற்றலைக் கையிற் பெறப்போகின்றவர்கள். அதனைத் தமக்கென வைத்துக்கொள்ள மறுத்த காண்டால்ஃபையும் டிகரியையும் இளமையிலேயே அறிந்து வைத்தல் அவர்கட்கு நன்மையே பயக்கும் என்பது எம் துணிபு.